பாக்தாத் வரைக்கும் நான் எழுதிய நகல்கள்

பட்டாளத்துக்கு உடுப்பும் கம்பளியும் அனுப்புகிற, வங்காளத்து அலிப்பூர் ஆபீஸ் ஒன்றில் நான் நகல் குமாஸ்தாவாக இருந்தேன். மெசபொட்டேமியாவுக்குப் படை கிளம்பிய 1914 ஐப்பசியில்தான் கும்பகோணத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். தந்தி வந்த அன்று, நான் தங்கியிருந்த மெஸ்ஸில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். தையில் வந்து குழந்தையைப் பார்ப்பதாக மனைவிக்கு எழுதினேன்.

எதை நம்பி எழுதினேன்? மேலிடத்து உத்தரவை நம்பித்தான். பஸ்ரா துறைமுகத்தையும் எண்ணெய்க் குழாயையும் காத்தால் போதும் என்று அதில் இருந்தது. நானே நகல் எடுத்த தாள் பொய் சொல்லுமா என்று நினைத்தேன். அவ்வளவு அசடு.

தை பிறந்தது. பஸ்ராவைக் காக்க ஆற்றோடு மேலே போனால் வருகிற ஊரும் வேண்டுமாம். அதைப் பிடித்ததும் அதைக் காக்க அடுத்த ஊர். சிம்லாவில் இருந்த பெரியவர்களும் லண்டனில் இருந்த பெரியவர்களும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம்தான் கேட்டார்கள். பெரிய யுத்தம் நடத்தப் போகிறோம் என்று சொன்ன தாள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பினால் மானம் போய்விடும் என்பது மட்டும் எல்லாத் தாளிலும் ஏதோ ஒரு விதத்தில் இருந்தது.

என் லீவும் சித்திரைக்குப் போயிற்று, அங்கிருந்து ஆவணிக்கு. நடுவில், வெயில் கொளுத்தும்போது குளிர்காலக் கம்பளிக்கு உத்தரவு வந்தது. யாராக இருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் மட்டும் கம்பளியின் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

துர்கா பூஜை விடுமுறையில் மெஸ் காலியாயிற்று. சமையற்காரரும் ஊருக்குப் போய்விட்டார். தெருவெல்லாம் மேளச் சத்தம். நான் அறையில் தனியே உட்கார்ந்து பொரியைத் தின்றேன். அந்த நாலு நாளும் என்னோடு பேச ஆளில்லை.

குழந்தையின் ஆண்டு நிறைவுக்குப் பத்து நாள் இருக்கும்போது லீவு கையெழுத்தாகி வந்தது. அன்றைக்கே, படை பாக்தாத் மேல் போவதற்கான தாள்கட்டும் நகலுக்கு வந்தது. எங்கள் தலைமைக் குமாஸ்தா வங்காளி, நல்ல மனுஷர், எல்லோரையும் மரியாதையாக 'மஷாய்' என்றுதான் கூப்பிடுவார். அதை என் கண்ணில் படாமல் நகர்த்தி வைத்தார்.

"நீங்கள் கிளம்புங்கள் மஷாய். இதை வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன்."

ஒரு வருஷமாக என் கையெழுத்தில் போனதை இன்னொருவன் முடிப்பதா என்று எனக்கு வீம்பு. பாக்தாத் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் தோன்றியது.

"ஒரு வாரம்தானே, முடித்துவிட்டே போகிறேன்" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. படை பாக்தாத்தை எட்டாமலே அடிபட்டுத் திரும்பியது. கம்பளி போன வழியிலேயே காயம்பட்டவர்கள் கப்பலில் வந்தார்கள். அந்த வாரம் மனைவியின் கடிதம் வந்தது.

"ஆண்டு நிறைவு நடந்தது. உங்கள் இடத்தில் அப்பா மணையில் உட்கார்ந்தார். குழந்தை நடக்கிறாள். இனிமேல் நீங்கள் வருகிற நாளை எழுத வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வாசல் வரை போய்விட்டுத் திரும்ப எனக்குத் தெம்பில்லை."

அன்று இரவு மெஸ்ஸில் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"நடக்கிறாளாம்" என்றேன்.