மூன்று மாதம் மூக்கைப் பொத்தியவள்

பாம்பனில் எங்கள் வீட்டு வாசலில் மழை நாள் தவிர எல்லா நாளும் கருவாடு காயும். பதினேழு வயது வரை அதன் வாடை எனக்குத் தெரிந்ததே இல்லை. ராமநாதபுரத்துக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் தெரிந்துவிட்டது. என் பெஞ்சில் ஒரு முதுகுளத்தூர்ப் பெண். நான் போய் உட்கார்ந்ததும் துப்பட்டா முனையால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொள்வாள்.

இரண்டு வேளை குளித்தேன். பவுடரை அள்ளிக் கொட்டினேன். சுடிதார்களைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தேன். "இந்த வீட்டுல மனுசி இருக்க முடியுமா?" என்று அம்மாவிடம் கத்தினேன். கருவாடு விற்றுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அவள் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உளவியல் வகுப்பில் மேடம், பதின்வயதில் ஊரே தன்னைப் பார்ப்பதாகத் தோன்றும் என்றார். பழகிய வாடையை மூக்கு கண்டுகொள்ளாது என்றும் சொன்னார். பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன், நம்பவில்லை. பக்கத்தில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும்போது பாடம் என்ன வேண்டிக் கிடக்கிறது!

மூன்றாம் மாதம் படிப்பை நிறுத்துவதென்று முடிவெடுத்தேன். போவதற்கு முன் அவளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மதியம் வகுப்பு காலியானதும் மறித்தேன்.

"ஏன்டி, எம்மேல அம்புட்டு நாத்தமா அடிக்குது? நாளையிலருந்து நான் வரல. நீ நிம்மதியா மூச்சு விடு."

திருதிருவென்று விழித்தாள். கண் கலங்கியது. மெதுவாகத் துப்பட்டாவை இறக்கினாள். மேலுதட்டில் பூனைமுடி போல மீசை.

"இதைத்தான்டி மறைக்கிறேன். பள்ளிக்கூடத்துல பயலுக 'ஏலே மாப்ள'ன்னு கூப்பிடுவானுக. நீ கிட்டக்க வந்து உக்காந்தா தெரியும்ல?"

மூன்று மாதம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகத்தை ஒரு நாளும் நான் சரியாகப் பார்க்கவில்லை. என்னைப் பற்றி நினைக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

"அப்ப எம்மேல அடிக்கலையா?"

"மொத ரெண்டு நாள் அடிச்சுச்சு," என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "அப்புறம் தெரியல. நீ வராம இருந்துறாதடி. இங்கன எனக்கு வேற யாரு இருக்கா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், நாளைக்கு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு வை என்றேன். அம்மா நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேருக்கு வைம்மா," என்றேன்.