ஜிம்மிக்கு முடி வெட்டிய சீப்பு

இன்று ஈப்போவில் நாய்களுக்கு முடி திருத்தும் கடைக்காரப் பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, இந்த மாதிரி சடை நாய்க்கு வீட்டுல வெட்ட முடியாது லா."

யாரிடம் சொல்கிறாள்!

எண்பதுகளில் இதே ஊரில், சிலிபின் பகுதி வீட்டில் எங்களுக்கு ஜிம்மி இருந்தான். குட்டி நாய்தான், ஆனால் முடி தரையைக் கூட்டும்.

சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். அவனை மட்டும் விடுவேனா? நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, அழுத்தித் தேய்த்துவிட்டேன். முதலில் சீவ வேண்டும், பிறகுதான் குளியல் என்று யாருக்குத் தெரியும்?

காய்ந்ததும் முடியெல்லாம் ரப்பர் தோட்டத்தில் உறைந்த கட்டிப்பால் போல இறுகிவிட்டது. அக்குளில் இழுத்துப் பிடித்ததால் நடக்கக்கூட முடியவில்லை, பாவம்.

அண்ணன் சவரக்கத்தியோடு வந்தான். "மொட்டை அடிச்சிரு லா. வேற வழியே இல்ல."

"கிட்ட வராதண்ணே!"

முக்காலியில் உட்கார்ந்தேன். சிக்கில் முகப்பவுடரைத் தூவி, நுனியிலிருந்து விரலால் பிரித்தேன். பிரியாத இடத்தில் மட்டும், தோலை ஒட்டிச் சீப்பைக் கொடுத்து அதற்கு மேலே கத்தரியால் வெட்டினேன்.

சாயங்காலம் ஜிம்மி துள்ளிக்கொண்டு ஓடினான். ஒரு கீறல் இல்லை! எந்தக் கடையில் வெட்டியது என்று பக்கத்து வீட்டுச் சீன அக்கா மலாய் மொழியில் விசாரித்தார்.

மறுநாள் அண்ணன் கழுத்தில் துண்டோடு அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தான். "பின்னாடி கொஞ்சம் குறைச்சு விடு."

குறைத்துவிட்டேன். அதே சீப்புதான்.

அவனுக்கு இன்றுவரை தெரியாது. யாரும் இந்தப் பதிவில் அவனை டேக் செய்துவிடாதீர்கள்.