ஒரு தடவைதான் கேட்டார்கள்

அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் பனிமலையையும் ரைன் ஆற்றையும் சொல்லி முடித்துவிடுவேன். எங்கள் தெருவில் ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்கிறவர்களும் மலையும் ஆறும் போதும் என்று எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பசி. அதற்கடுத்தது கால் வலி.

என் கணவருக்கு ஒரே தங்கை. அறுபதுகளில் கன்னியாஸ்திரிகள் சில பெண்களை நர்ஸ் படிப்புக்காக ஜெர்மனிக்கு அழைத்துப் போனார்கள். அவர்களில் ஒருத்தியாக, பத்தொன்பது வயதில் போனாள். அங்கேயே படிப்பு, அங்கேயே வேலை, அங்கேயே ஒரு ஜெர்மன்காரரோடு கல்யாணம். கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. போட்டோதான் வந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், அண்ணனும் அண்ணியும் என் வீட்டை ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும் என்று எழுதி, டிக்கெட்டையும் அவளே அனுப்பிவிட்டாள்.

என் கணவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. தாம்பரத்தில் எலக்ட்ரிக் ரயில் ஏறினால் ஆபீஸ், இறங்கினால் வீடு. அதிகபட்சம் வேளாங்கண்ணி. நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். கூச்ச சுபாவம். பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருவேன்.

எங்கள் மகள் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். அத்தை வெள்ளை உடுப்பில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் போட்டோவை நிலைக்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருப்பாள். தலை வாரும்போதெல்லாம் தன் முகத்தைப் பார்க்கிறாளா, அத்தையைப் பார்க்கிறாளா என்று தெரியாது. தானும் அங்கே போய் நர்ஸ் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்கு அங்கே இருக்கிற ஒருவர் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். கான்வென்ட் ஹாஸ்டலில் அவளை விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வந்தவள் என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அம்மா, அத்தைகிட்ட நீ கேளு. அப்பா கேக்கமாட்டார். நீ கேக்கறியா இல்லியா?"

"கேக்கறேன்டி, விடு."

"சும்மா தலையாட்டாதே. வாயத் தொறந்து கேளு."

பம்பாயில் விமானம் மாறி, இன்னொரு இடத்தில் மாறி, காது அடைத்துப்போய் நாங்கள் அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்குமே நிற்கத் தெம்பில்லை. நாத்தனார் ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, நான் வாய் திறப்பதற்கு முன் அவளே கேட்டுவிட்டாள்.

"அண்ணா, அக்டோபர்ல நர்ஸ் படிப்புக்குப் புது பேட்ச் எடுக்கறாங்க. நம்ம பொண்ணை அனுப்பறீங்களா? நான் ஆஸ்பத்திரி மதர்கிட்ட சொல்றேன். லீவு நாள்ல இங்க வந்து இருக்கட்டும்."

என் கணவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா உனக்கு சிரமம்? உனக்கே வேலை, வீடுன்னு ஆயிரம் இருக்கு. வேணாம், விடு."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க அண்ணன் சொல்றதுதான். உனக்கு எதுக்கு வீண் கஷ்டம்?" என்று சிரித்தேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு, "இன்னொரு ரொட்டி, அண்ணி?" என்றாள். "வேணாம்மா" என்றேன். கூடையைத் துணியால் மூடி உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

இதை வெளியூர்க்காரர் யாராவது படித்தால் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். எங்கள் வீடுகளில் கேட்டவுடன் சரி என்று சொல்லும் வழக்கம் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும், காபி என்றால் "இப்பதான் குடிச்சிட்டு வர்றோம்" என்போம். பொய் என்று இரண்டு பக்கமும் தெரியும். அந்த வீட்டுப் பெண்மணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தான் இரண்டாவது தடவை கேட்பாள். "பாதி டம்ளர் போதும்" என்போம். முழு டம்ளர் வரும். கேட்டவுடன் வாங்கினால் அலைகிறார்கள் என்று நினைப்பார்கள் என்பது என் கணவரின் கட்சி. நாத்தனாரும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். அதனால் அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று மாலை அறைக்கு வந்ததும் அவரும் நிம்மதியாகத்தான் இருந்தார். "நம்ம சொல்லாமலே அவளே ஆரம்பிச்சிட்டா பார்த்தியா? என் தங்கச்சி" என்றார். "நாளைக்குக் கேப்பா. நீ உடனே தலையாட்டிடாதே. நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டு சரின்னுடறேன்."

மறுநாள் அவள் கேட்கவில்லை. காரில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார்கள்.

அவளுடைய கணவர் நல்ல மனிதர், சிவந்த முகம், ஓயாமல் கார் ஓட்டுவார். மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனதில் எனக்கு வயிறு புரட்டியது. இறங்கிய இடமெல்லாம் ஒரு மாதாகோயில், கோயிலுக்குள் ஒரு கோபுரம், கோபுரத்துக்குள் இருநூறோ முந்நூறோ படி. ஏறினால் கீழே சிவப்பு ஓடு வேய்ந்த வீடுகள். அழகுதான். ஆனால் எல்லா ஊரும் மேலேயிருந்து ஒரே மாதிரி இருந்தது. ஜூன் மாதம், கோடை என்றார்கள். எனக்குப் பல் கிட்டியது. டெல்லியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரைப் புடவை மேல் போட்டுக்கொண்டு, செருப்புக்குள் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, ஈரமான புடவைக் கரையோடு நான் நடந்த நடை எனக்கே சகிக்கவில்லை.

போன இடத்திலெல்லாம் நாத்தனார் கணவரின் உறவினர்கள்தான் எங்களைத் தங்க வைத்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையில் அவருடைய தம்பி வீட்டில் இரண்டு நாள், ஆற்றங்கரையில் ஒரு அத்தை வீட்டில் இரண்டு நாள். எல்லோரும் அன்பானவர்கள். கேட்பார்கள். நாங்கள் வேண்டாம் என்போம். உடனே பாத்திரம் போய்விடும். அத்தை வீட்டில் முருங்கைக்காய் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ தண்டை வேகவைத்து வைத்தார்கள். அதை இன்னும் கொஞ்சம் தின்றால் தேவலை என்று இருந்தது. வாய் வழக்கம்போல "நோ, நோ" என்றது.

அறைக்குள் வந்ததும் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "நீ அவளுக்குக் கொண்டுவந்த அச்சுமுறுக்கு டின்னு எங்க இருக்கு?"

"அவ வீட்லதான். குடுத்த சாமானைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன். திருடுவேன்." பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கும் கேக்கலியே?" என்றார்.

"இல்ல."

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்கார்ல. வீட்டுக்குப் போனதும் கேப்பா."

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். காரில் சத்தம், கோபுரத்தில் மூச்சு வாங்கல், ஆற்றில் படகுக்காரனின் விளக்கம். மகளின் கடிதம் ஒன்று நாத்தனார் வீட்டு விலாசத்துக்கு வந்து, எங்களைத் தேடித் தம்பி வீட்டுக்கு வந்தது. 'அத்தை என்ன சொன்னாங்க?' என்ற ஒரு வரிதான் அதில் விஷயம். என் கணவர் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் எந்தக் கோபுரத்தையும் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம், நாத்தனாருடைய மாமியாரின் பண்ணை வீட்டுக்குப் போனோம். மாடுகள், வைக்கோல், வாசலில் ஒரு செர்ரி மரம். பெரிய உருவமான அம்மாள். தன் கையால் செய்த செர்ரி கேக்கில் ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். தின்று முடித்ததும் கத்தியை என் தட்டுக்கு நேரே நீட்டி, இன்னொன்று வேண்டுமா என்று முகத்தாலேயே கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. மருமகளிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"கேக்கு உங்களுக்குப் பிடிக்கலியான்னு கேக்கறாங்க அண்ணி."

"ஐயோ, நல்லா இருந்துதே!"

"அப்ப ஏன் வேணாம்னீங்க?" என்றாள்.

கேலியில்லை, கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவளுக்கு மறந்தே போய்விட்டது. என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை என்று ஒன்று வரப்போவதில்லை என்பது அந்த மேஜையில் எனக்கு உறைத்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்தது. அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கணவரும் என் கணவரும் கார் துடைக்க வெளியே போயிருந்தார்கள். ஒரே தட்டை நான் மூன்று தடவை துடைத்தேன். பிறகு தட்டைப் பார்த்தே சொன்னேன்.

"அன்னிக்கு நம்ம பொண்ணைப் பத்திக் கேட்டியே. அவளுக்கு வரணும்னு ஆசை. ரொம்ப ஆசை. எங்களுக்கும்தான்."

குழாயை மூடினாள். "அப்ப ஏன் அண்ணி வேணாம்னு சொன்னீங்க?"

"நீ இன்னொரு தடவை கேப்பேன்னு..."

அவள் ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மதர் அந்த வாரமே பேர் கேட்டாங்க. எங்க வீட்ல வரலேன்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன். என்கூட வேலை செய்யற கேரளாக்காரி தன் தங்கச்சி பேரைக் குடுத்துட்டா." துடைக்கும் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டேன்ல, அதான் என் வீட்டுக்குப் பொண்ணை அனுப்ப யோசிக்கறீங்கன்னு. கார்ல போறப்ப எல்லாம் அதேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அண்ணன் வேற மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்தாரா..."

"பசிம்மா அது" என்றேன்.

சிரிக்கத்தான் செய்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். ஆனால் கைநழுவிய இடம் போனதுதான். அடுத்த வருஷம் எடுப்பார்களா என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு பேசிவிட்டேன்.

"எடுத்தா ஒரு இடம்தான் இருக்கும். இந்தத் தடவை அவளையே எழுதச் சொல்லுங்க அண்ணி. நான் கொண்டுபோய்க் காட்டறேன். இங்கே பெத்தவங்களைக் கேக்க மாட்டாங்க. அவளுக்கு வேணுமான்னு அவளைத்தான் கேப்பாங்க."

தாம்பரம் வந்து சேர்ந்தபோது பெட்டியை விட என் மனசுதான் கனமாக இருந்தது. முடிச்சூரிலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள் வாசலில் என்னைப் பார்த்ததும் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது, சீமைக்குப் போயிட்டு இப்பிடி எளைச்சிக்கினு வந்துகீற? சோறு போடலையா அங்க?"

"போட்டாங்க. நாங்கதான் துன்னல" என்றார் என் கணவர், அவள் பேச்சிலேயே.

மகள் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை முதல் நாளே கேட்டாள், நாங்கள் வேண்டாம் என்றோம், அவள் மறுபடி கேட்கவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் நிலைக்கண்ணாடி ஓரத்துப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விடும்மா. நானா இருந்தாலும் மொதல்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

என் கணவருக்கு அது பெரிய ஆறுதல். அந்த மூன்று வாரத்தில் இல்லாத பசியோடு சாம்பார் சாதம் சாப்பிட்டார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் மத்தியானம் தபாலாபீஸில் ஒரு ஏரோகிராம் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். 'அன்புள்ள அத்தைக்கு, உங்களுக்குச் சிரமம் இல்லாவிட்டால்' என்று ஆரம்பித்தாள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன்.

"பின்ன எப்படி எழுத?"

"எனக்கு அங்கே வர ஆசை. அடுத்த வருஷம் என் பேரைக் கொடுங்கள். அவ்வளவுதான்."

"அப்படியேவா?"

"அப்படியே எழுது."

எழுதினாள். காது வரை சிவந்துவிட்டது அவளுக்கு. லீவு இன்னும் பாக்கி இருந்ததால் கட்டிலில் படுத்திருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "கடைசியில, தொந்தரவுக்கு மன்னிக்கவும்னு ஒரு வரி போட்டுடும்மா."

மகள் பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

"இடம் இல்லை" என்று சொல்லி, தாளை மடித்து ஓரத்தை ஒட்டினேன். பாதித் தாள் காலியாகத்தான் இருந்தது.