திரைக்குள் நடுங்கிய கை

பிள்ளைகளே, அந்த மாசி மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோய் ஒன்றும் இல்லை. பொறாமை.

சிங்கப்பூரில் டிராம் வண்டி ஓடத் தொடங்கியிருந்த காலம். கோயிலுக்குப் படம் வரைந்து, முன்னின்று கட்டிக் கொடுக்கும் ஸ்தபதி நான். சிராங்கூன், பொங்கோல் பக்கமெல்லாம் சின்னச் சின்னச் சன்னதிகள் கட்டியிருந்தேன். கோபுரம் மட்டும் என் கைக்கு வந்ததில்லை. கேலாங்கில் அம்மனுக்குக் கோபுரம் எழுப்பப் போகிறார்கள் என்றதும், நமக்குத்தான் என்று நம்பிப் படமும் வரைந்து கொடுத்தேன். கோயில் பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வேறொரு ஸ்தபதியை வரவழைத்தார்கள். அருணாசலம் என்று பெயர். என்னைவிட இளையவர். எனக்குக் கிடைத்தது மடைப்பள்ளி.

கோயில் அடுப்புக்குப் புகைபோக்கி வைத்துக்கொண்டே அவர் கோபுரம் ஏறுவதைப் பார்த்தேன். எங்காவது கோணல் இருக்காதா என்று கண்ணாலேயே நூல் பிடிப்பேன். இருக்காது. உங்கள் அம்மா ஒருநாள் நான் தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டு இலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, அந்தக் கோபுரத்தையே முழுங்கிட்டு வந்தாப்பல உட்கார்ந்திருக்கீங்க?"

அம்மனிடம் எனக்கு ஒரே வேண்டுதல். அந்தக் கோபுரத்தில் என் கை பட வேண்டும்.

பட்டது. கோபுர முகப்பில் இருந்த அம்மனின் சுதை உருவத்துக்குக் கண் திறக்க நாள் குறித்திருந்தார்கள். செய்த ஸ்தபதியே திரைக்குள் நின்று, பொன் ஊசியால் கருவிழியைக் கீறித் திறப்பது வழக்கம். முதல் நாள் அருணாசலத்துக்குத் தந்தி வந்தது. ஊரில் அப்பா இறந்துவிட்டார். தீட்டோடு கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. முகூர்த்தத்தையும் மாற்ற முடியாது. என்னைக் கூப்பிட்டார்கள்.

சாரம் ஏறித் திரைக்குள் போனேன். அந்த முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அப்படி ஒரு முகம் என் ஆயுசுக்கும் எனக்கு வராது. கை நடுங்கியது. இம்மி விலகினாலும் அம்மனின் பார்வை கோணிவிடும். அவர் உழைப்பும் போய்விடும். விலகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்து போனேன். "தாயே, என் கைய நீ பிடிச்சுக்கோ" என்று அழுதேன்.

கை நின்றது. நான் நிறுத்தவில்லை, பிள்ளைகளே. அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கண்ணும் நேராகத் திறந்தன.

கீழே எனக்குப் பரிவட்டம் கட்டக் காத்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், மழையில் நனைந்தபடி அருணாசலம் நிற்பது தெரிந்தது. அவரிடம் போனேன்.

"அண்ணே, கண்ணு எப்படி வந்திருக்கு?"

"நீங்க செஞ்ச முகத்துக்கு ஏத்த கண்ணுதான் தம்பி. என்னையே பாக்குது."

அவர் உடைந்து அழுதார். சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தீட்டுக்காரரைத் தொட்டவன் குளிக்காமல் கோயிலுக்குள் போக முடியாது. பரிவட்டம் வேறொருவர் தலைக்குப் போயிற்று. நாங்கள் இருவரும் சாலையில் நின்றே அவளைக் கும்பிட்டோம்.

இன்றும் டிராமில் அந்தப் பக்கம் போனால் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. உடனே அவளைக் கூப்பிடுவேன், தணிந்துவிடும். உங்களுக்கும் எரியும் நாள் வரும். வெட்கப்படாமல் அவளிடம் சொல்லுங்கள். என் கையைப் பிடித்தவள் உங்கள் கையை விடமாட்டாள்.