பருத்திக்காட்டில் சட்டை போட்ட ஆள்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆண்கள் யாரும் காட்டு வேலைக்குச் சட்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது தெரியாவிட்டால் எங்கள் குடும்பம் கெட்ட கதை விளங்காது. இடுப்பில் ஒரு வேட்டி, தலையில் உருமால், அவ்வளவுதான். சட்டை என்பது சந்தைக்கும் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் உரியது. ஆகவே ஒரு காட்டுக்குள் சட்டை போட்ட உருவம் தெரிந்தால், அவன் ஊர்க்காரன் இல்லை, வெளியாள் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பெண்பிள்ளை ஒருத்தி சட்டை போடுவாள் என்பது எவர் புத்தியிலும் தோன்றாது. ரவிக்கையே எங்கள் ஊரில் நாலைந்து பேரிடம்தான் இருந்தது.

எங்கள் பருத்திக்காடு நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பா சேலத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்தார். மேலே கூரை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை, நாள் முழுவதும் நிழல். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து இரண்டு நாள் இருப்பார். காட்டை அம்மா பார்த்துக்கொண்டாள். வீட்டை அத்தை பார்த்துக்கொண்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள். அடுப்பில் உலை வைப்பதிலிருந்து ஆட்டை விற்பது வரை எங்கள் வீட்டில் அவள் வாயிலிருந்து வருவதுதான் சட்டம்.

அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. ஒரே மகளான எனக்கு எட்டு. ஆனால் அவளைப் பார்த்தவர்கள் ஐம்பது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் மங்கு விழுந்து, கருகிய தோசை மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. கழுத்துத் தோல் சுருங்கிக் கோடு கோடாகிவிட்டது. தோளும் கையும் வெயிலில் வெந்து வெந்து சொரசொரத்துப் போயிருந்தன. எனக்கு அது அசிங்கமாகவே தெரியவில்லை. எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் முதலாளி வீட்டில் ஒரு காதுகுத்து. அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். முதலாளியம்மா வாசலில் நின்று வரவேற்றாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ரொம்ப மரியாதையாக, "உங்க அம்மாங்களா? வாங்கம்மா, இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றாள்.

அப்பா ஒரு கணம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு, "ஆமாங்க, ஊர்லருந்து வந்திருக்காங்க" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா முதலாளியம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய், பந்தி முடியும் வரை கிழவிகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. எட்டு வயதுக்கு அந்தச் சிரிப்பு அதிகம்.

ஊர் திரும்பிய வாரமே அம்மா நாமக்கல் சந்தைக்குப் போகிற சாக்கில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். சாதிக்காயும் கஸ்தூரி மஞ்சளும் வாங்கினாள். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "பால்ல இழைச்சுப் பூசுங்க. ஆனா மேல வெயில் படப்படாது. ஒரு மண்டலம் நெழல்ல இருந்தாத்தான் மருந்து புடிக்கும்" என்று சொன்னார். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். பருத்தி வெடித்துக் கிடக்கிற காலம். நிழலில் உட்காரு என்று அவளிடம் சொல்வது, மீனிடம் கரையில் இரு என்று சொல்வது மாதிரி.

விடியற்காலம் அத்தை எழுவதற்கு முன்னால் சாதிக்காய் இழைத்துக் கொடுப்பது என் வேலை ஆயிற்று. கல்லில் தேய்க்கத் தேய்க்க எழும் வாசனை பிடித்துப்போய் நான் மூக்கை வைத்துக்கொண்டே தேய்ப்பேன். பூசிக் காய்ந்து கழுவி, பயத்தம்மாவு தேய்த்து முகம் அலம்பிக்கொண்டு அம்மா காட்டுக்குக் கிளம்புவாள். பொழுது ஏறினால் வெயில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் காட்டுக் குடிசையான சாளைக்குள் எதையோ தேடியவள் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்து வந்தாள். காலர் கிழிந்த சட்டை. கொல்லைப் பொம்மைக்கு மாட்டச் சொல்லி அவர் போட்டுவிட்டுப் போனது. அதைப் புடவை மேல் மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையில் துண்டை உருமாலாகக் கட்டி நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பருத்திச் செடி இடுப்பு உயரம். செடிக்குள் நின்றால் புடவை தெரியாது. சட்டையும் உருமாலும் மட்டும்தான் தெரியும். "எப்படிச் சாமி இருக்குது?" என்றாள். "அப்பா மாதிரியே இருக்குதும்மா" என்றேன். வெட்கத்தில் அவள் முகம் சிறு பெண் முகமாகிவிட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இதை ஆருகிட்டயும் சொல்லப்படாது. அத்தைக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும். எந்தலை மேல சத்தியம். சொன்னீன்னா எந்தலை வெடிச்சுப் போயிரும்."

கிணற்று மேட்டில் உட்கார்ந்து காவல் பார்ப்பது அன்று முதல் என் வேலை. யாராவது காட்டுப் பக்கம் வந்தால் "ஆளுங்கம்மோவ்" என்று கத்துவேன். அவள் செடிக்குள் குனிந்து சட்டையைக் கழற்றிப் பருத்திக் கூடைக்குள் திணித்துவிட்டு நிமிர்வாள். ரோட்டில் போகும் பஸ்ஸுக்கு மட்டும் நாங்கள் ஒளியவில்லை. மத்தியானம் ஒரு பஸ் போகும். பஸ்ஸில் போகிறவர்கள் யாரோ எவரோ, நம்மை யாருக்குத் தெரியப்போகிறது என்று அம்மா நினைத்தாள். அந்த பஸ்ஸும் அப்பாவின் கம்பெனி பஸ்தான் என்பதும், அதன் கண்டக்டருக்கு எங்கள் காடு நன்றாகத் தெரியும் என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் கிணற்றடியில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் நிஜமாகவே கொஞ்சம் நிறம் வந்திருந்தது. "வெளுக்குது பாரு சாமி" என்று என் கையைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அப்பா வரும் நாள் இல்லை அது. மத்தியான பஸ் காட்டைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றது. வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக ஒருவர் இறங்கி, வரப்பில்கூட ஏறாமல் செடிகளை மிதித்துக்கொண்டு நேராக வந்தார். நான் வழக்கப்படி கத்தினேன். கத்தியது வீண் போகவில்லை. அம்மா குனிந்தாள், சட்டை கூடைக்குள் போயிற்று. கிட்டே வந்த பிறகுதான் அது அப்பா என்று தெரிந்தது.

அவர் அம்மாவிடம் போகவில்லை. முதலில் சாளைக்குள் நுழைந்து பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அப்புறம் வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த அம்மாவிடம், "எங்கடி போனான்?" என்றார்.

"ஆருங்க?"

"சட்டை போட்டவன். கண்டக்டர் சொன்னப்ப நான் நம்பலே. இன்னைக்கு என் கண்ணால பாத்துட்டுத்தான் எறங்கி வாரேன்."

அம்மாவுக்குப் புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பயந்திருந்தவளுக்கு, இவ்வளவுதானா என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. அது அவள் செய்த பெரிய தப்பு. அப்பா அறைந்த அறையில் உருமால் துண்டு செடிமேல் போய் விழுந்தது. கூடையை எட்டி உதைத்தார். பருத்தி சிதறி, வேர்வையில் நனைந்த சட்டை வெளியே வந்தது.

"எஞ்சட்டையவே அவனுக்குக் குடுத்திருக்கறயா?" என்றார்.

வீட்டில் அத்தை முன்னால் விசாரணை நடந்தது. "நாந்தானுங்க போட்டிருந்தேன். வெயிலுக்குங்க" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "வெயிலுக்கா? நானும் முப்பது வருசமாக் காட்டுல வெந்திருக்கறேன். எந்தக் குடியானச்சி வெயிலுக்குப் பயந்து ஆம்பளைச் சட்டை போட்டா? கேளு தம்பி கதைய!"

ஏதாவது பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். நிஜம்தான் கேலிக்கு இடமாகிவிட்டது. அஸ்தம்பட்டியில் நடந்ததைச் சொன்னால்தான் இதற்கு அர்த்தம் வரும். அதை அத்தைக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். மடியில் உட்காரவைத்து முதுகைத் தடவினார். சேலத்திலிருந்து கொண்டுவந்த பெப்பர்மிண்டை உள்ளங்கையில் வைத்தார்.

"சாமி, நீ பொய் பேச மாட்டே. காட்டுல சட்டை போட்டுட்டு நின்னது ஆரு?"

நான் பெப்பர்மிண்டை வாயில் போடாமல் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"பாத்தயா இல்லையா?"

"பாத்தேனுங்க."

"ஆரு?"

"சொல்ல மாட்டேனுங்க."

"ஏஞ்சாமி?"

"சொன்னா அம்மா செத்துப்போயிருமுங்க."

அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் கை என் முதுகிலேயே நின்றுவிட்டது. அம்மா பாய்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, சொல்லு கண்ணு. நாந்தான்னு சொல்லிரு. ஒண்ணும் ஆகாது சாமி, சொல்லிரு" என்று கதறினாள். "புள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறா பாரு" என்றாள் அத்தை.

நான் அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையில் பாவம் சத்தியத்தை மறந்துவிட்டாள், நானாவது மறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உதட்டில் ரத்தம் வந்தது. எவ்வளவு கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சட்டையை அம்மாவுக்கு மாட்டிப் பருத்திக்குள் நிறுத்திவிட்டு, ரோட்டில் நின்று பார்த்திருந்தால் போதும். அரை மணி நேர வேலை. யாரும் அதைச் செய்யவில்லை. என் மேல் பழியைப் போட்டுக்கொண்டு பல வருஷம் அழுதேன். வயதான பிறகுதான் கோபம் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது. முதலாளியம்மா கேட்டபோது பெண்டாட்டியைத் தாய் என்று ஒப்புக்கொண்டவருக்கு, அவளைத் தள்ளிவைக்க அந்தச் சட்டை போட்ட ஆள் தேவைப்பட்டான். கிடைத்ததும் விடாமல் பிடித்துக்கொண்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவரை மன்னிக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அம்மா திருச்செங்கோட்டுப் பக்கம் தன் அண்ணன் வீட்டில், அவர்கள் மிளகாய்க் காட்டில் கூலியாட்களோடு சேர்ந்து வெயிலில் நின்றே மிச்சக் காலத்தைக் கழித்தாள். அதற்கப்புறம் அவள் எதையும் போர்த்திக்கொள்ளவில்லை என்று மாமன் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. அவள் தலை வெடிக்காமல் முழுசாக இருந்தது. அதைக் காப்பாற்றியது நான். கேட்ட பிள்ளைகளிடமெல்லாம், "எங்கம்மா மாமன் ஊட்டுல கொஞ்ச நாள் நெழல்ல இருக்கப் போயிருக்குது, வெளுத்ததும் அப்பா போய்க் கூட்டிட்டு வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். தை மாதத்தில் அப்பா சேலத்திலிருந்து வந்தார். கல்யாணத்துக்கு என்று சொல்லி எனக்கு ஒரு பட்டுப்பாவாடை கொடுத்தார். யாருக்குக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை. அம்மா வருகிற அன்றைக்கு இதைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று, கசங்காமல் மடித்துப் பெட்டியில் வைத்தேன்.