பாசி பிடிச்சிருக்கு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் தணிந்ததும் எழுதலாமே என்றாள் மனைவி. தணிந்தால் எழுதமாட்டேன்.

சேலையூரில், கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் அடுக்குமாடி. அதன் பின்னால் ஓர் அகலமான கிணறு, கட்டடத்தைவிட மூத்தது. சுற்றிலும் சுவர்கள் எழும்பிவிட்டதால் பகலெல்லாம் நிழலில் கிடக்கும். உச்சிவேளையில் மட்டும் வெயில் செங்குத்தாக இறங்கும். அப்போது பார்க்க வேண்டும் தண்ணீரை! பச்சை, பச்சைக்குள் இன்னொரு பச்சை, அதற்குள் கெண்டைகளின் முதுகு மின்னும்.

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அந்த மீன்களை விட்டவர் கீழ்வீட்டு அக்கா, பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஒரு பொரிகூட யாரும் போட்டதில்லை. போட்டது வெயில். வெயிலை வாங்கிப் பாசி தன்னை வளர்த்துக்கொண்டது. பாசியைப் பூச்சிகள் தின்றன, பூச்சிகளை மீன்கள். வெளிச்சத்தில் பாசி விட்ட மூச்சைத்தான் அந்தத் தண்ணீரே சுவாசித்தது. இத்தனைக்கும் ஒரு மோட்டார் கிடையாது, ஒரு சுவிட்சு கிடையாது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்: "கிணத்துல பாசி பிடிச்சிருக்கு. உடனே மூடணும்."

நமக்குச் சளி பிடிக்கும், துரு பிடிக்கும், சனி பிடிக்கும், பேய் பிடிக்கும். அந்த வரிசையில் பாசியையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் மனிதர். நான் பதில் போட்டேன்: "எனக்குப் பாசி பிடிச்சிருக்கு."

சிரிக்கும் பொம்மைகள் வந்து குவிந்தன. "கவிதை வேற, மெயின்டெனன்ஸ் வேற சார்" என்றார் செயலாளர்.

தகர ஷீட் வந்து இறங்கியது. போல்ட்டு முடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், கெணத்துக்குக் கூரையா? மய பேஞ்சா நனைஞ்சிடுமா?"

அக்கா மட்டும் செயலாளரிடம் போய், "மீனுக்கு வெளிச்சம் வேணாமா?" என்றார்.

"மீன் என்ன பேப்பரா படிக்கப் போகுது, அக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கொதிக்கிறது.

இருட்டில் பாசி எதையும் தராது. அதுவும் மூச்சு வாங்கத்தான் செய்யும். வாங்கி வாங்கிச் செத்து, அடியில் படிந்து அழுகும். அழுகல் மிச்ச மூச்சையும் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் நாற்றம் வந்தது. அக்கா வற்புறுத்தி ஷீட்டின் ஓரத்தை நெம்பித் தூக்கச் சொன்னார். கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அக்கா திரும்பி உள்ளே போய்விட்டார்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செயலாளர் சொன்னார்: "பாத்தீங்களா சார்? கிணறே செத்துப்போச்சு. மண்ணைக் கொட்டி மூடிட்டா ரெண்டு கார் நிக்கும்."

ஆக, காருக்கு இடம்! வெயிலைப் பறித்துக் கொன்றுவிட்டு, செத்துப்போச்சு என்று கைக்குட்டையோடு துக்கமும் விசாரிக்கிறார்.

"செத்துப்போகல சார். கொன்னுட்டீங்க. ஷீட்டைக் கழட்டுங்க."

"கமிட்டி கூடட்டும் சார். டென்ஷன் ஆகாதீங்க."

"நல்லா கூடட்டும். அதுக்கு முன்னாடி நான் கழட்டிடுவேன்."

வீட்டிலிருந்த ஸ்பானரை எடுத்துவந்து கழற்றினேன். கடைசி போல்ட்டில் அக்கா வந்து ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் இழுத்துச் சுவரோரம் சாய்த்தோம். மீன்களை வலையால் அள்ளி வாழைக்கடியில் புதைத்தோம். உச்சிவெயில் இறங்கியது. தண்ணீர் தார்போலக் கிடந்தது.

"வேற மீன் வாங்கி விடலாமா அக்கா?"

"அவசரப்படாதீங்க. முதல்ல அதுங்களுக்குச் சோறு வரட்டும்."

அன்றிலிருந்து உச்சிவேளைகளில் எட்டிப் பார்க்கிறோம். கறுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு. இன்று காலை குழுவில் செயலாளர் ஒரு படம் போட்டிருக்கிறார். உள்சுவரின் ஈரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை. கீழே: "மறுபடியும் பாசி பிடிச்சிருக்கு. ஷீட்டைத் திரும்ப மாட்டணும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

மாட்டட்டும். ஸ்பானரை இன்னும் நான் உள்ளே வைக்கவில்லை.