ஐந்தருவிக்குப் போன டீசல் ஹீட்டர்

1. வெள்ளிக்கிழமை இரவு சென்னை எழும்பூரில் செங்கோட்டை ரயிலில் ஏறினேன். இருக்கைக்கு அடியில் பதினோரு கிலோ எடையுள்ள ஒரு பெட்டி.
2. சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் தென்காசியில் இறங்கினேன். பெரியப்பா ஜீப்போடு நின்றிருந்தார்.
3. அன்று மாலை ஆய்க்குடியில் அவர் வீட்டு வாசலில் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தோம். ஆறாவது நிமிடத்தில் சூடான காற்று வந்தது.
4. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நான், பெரியப்பா, பெரியம்மா மூவரும் ஐந்தருவி போய்ச் சேர்ந்தோம்.
5. மூன்று வருடங்களுக்குப் பிறகு பெரியம்மா அருவியில் குளித்தார்.
6. 10.20-க்கு ஹீட்டரைப் போட்டேன். 10.35-க்கு ஜீப்புக்குள் 31 டிகிரி.
7. பதினொன்றுக்குச் சற்று முன்னால், சிப்ஸ் போடும் ஒரு பெண் பெரியம்மாவை ஜீப்பிலிருந்து வெளியே இழுத்து உட்காரவைத்தார்.

ஏழாவது நடந்தபோது நான் அங்கே இல்லை. அதனால்தான் மற்ற ஆறையும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெரியப்பா ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அதில் நான்கு வருடம் லடாக்கில். பெரியம்மா அந்தக் காலம் முழுவதும் ஆய்க்குடியில் இரண்டு பிள்ளைகளோடும் வயலோடும் இருந்தார். இப்போது பிள்ளைகள் வெளியூரில். இந்தச் செப்டம்பரில் சொந்த ஜீப்பிலேயே லடாக்கின் லே வரை போய்வருவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். தடையாக இருந்தது பெரியம்மாவின் வீசிங் மட்டும்தான். குளிர்ந்த காற்று மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுவதும் இழுப்பு. வழியில் இரவுகளில் ஜீப்பில்தான் தங்க வேண்டும். வண்டிக்குள் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் போகலாம், முடியாது என்றால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்தவள், கொதிகலன்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். அதனால் அந்த ‘முடிந்தால்’ என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் வாங்கியது கையில் தூக்கிப் போகும்படியான டீசல் ஏர் ஹீட்டர். இணையத்தில் பதினான்காயிரத்து எண்ணூறு ரூபாய். வண்டி எஞ்சினை ஓடவிட வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஐந்து லிட்டர் டேங்க், சிறிய எரிகலன், ஒரு விசிறி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும். மணிக்குக் கால் லிட்டர் டீசல் கூடக் குடிக்காது. பெட்டி வண்டிக்கு வெளியே இருக்கும். சூடான காற்று ஒரு தடித்த குழாய் வழியாக உள்ளே போகும். எரிந்த புகை தனிக் குழாயில் வெளியே போகும். இந்த இரண்டும் எந்த நிலையிலும் கலக்கக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்காகவே தனியாக ஓர் அலாரமும் வாங்கியிருந்தேன். ரயிலில் டேங்க் காலி. தென்காசியில் இறங்கிய பிறகுதான் டீசல் ஊற்றினோம்.

குளிரே இல்லாத ஊரில் ஹீட்டரை எப்படிச் சோதிப்பது? இதற்குப் பதில் சொன்னவர் பெரியம்மாதான். அருவியில் நனைந்து, சாரல் காற்றில் நடந்து வந்து உட்கார்ந்தால் தனக்கு நிச்சயம் இழுக்கும், அப்போது இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். மூன்று வருடமாக சீசனுக்கு அருவிப் பக்கமே போகாதவர் அவர்.

ஆய்க்குடியிலிருந்து தென்காசி வழியாக ஐந்தருவிக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று ஜீப்பின் மீட்டர் காட்டியது. தென்காசி தாண்டியதுமே கண்ணாடியில் சாரல் பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைகள் வரிசையாக இருந்தன. கடைசிக் கடையிலிருந்து பத்தடி தள்ளி எங்களுக்கு இடம் கிடைத்தது. பெரியப்பா எண்ணெய் மசாஜ் வரிசைக்குப் போய்விட்டார். நான் பெரியம்மாவைப் பெண்கள் பக்கம் அழைத்துப் போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் சிறுபிள்ளை மாதிரி மூச்சு வாங்கிச் சிரித்தார். பதினைந்து நிமிடம். நான் கரையில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் ஹீட்டரை ஜீப்பின் பின்பக்கம் தரையில் வைத்தேன். சாரலில் மின்பகுதி நனையாமலிருக்க நீல நிறத் தார்ப்பாயை அதன்மேல் கூடாரம் போலப் போட்டு, மேல் முனைகளை மட்டும் ஜீப்பின் கம்பியில் செருகினேன். புகைக்குழாய் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை இறக்கிவிட்டேன். அலாரம் கண்ணாடிக்கு அருகில் தொங்கியது. என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டாயிற்று.

பட்டியலில் இல்லாதது ஒன்று. குற்றாலத்தில் வண்டி என்பது உடை மாற்றும் அறை. குளித்துவிட்டு வரும் பெண்கள் ஈரச் சேலையைக் கண்ணாடிகளுக்குக் குறுக்கே தொங்கவிட்டு, கீழே விழாமலிருக்கக் கண்ணாடியை ஏற்றி அதன் நுனியைக் கவ்வவிடுவார்கள். உடை மாற்றிய பிறகும் அது காயட்டும் என்று அப்படியே கிடக்கும். பெரியம்மாவும் அதையேதான் செய்தார். உள்ளே சூடு வேறு வருகிறது, சீசனில் காயாத சேலை காய்ந்துவிடுமே என்று அவருக்குச் சந்தோஷம். நான் கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டு காவலுக்கு நின்றேன். அந்தச் சேலையைப் பார்த்தேன். அது காற்று போகும் வழியை அடைத்திருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி.

10.35-க்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். 31 டிகிரி. இழுப்பு இல்லை. அலாரத்தில் பூஜ்யம். பெரியம்மா கால்களை மடக்கிச் சாய்ந்திருந்தார்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு தலையில ஒரு சொட்டுத் தண்ணி படாமலா போவ? போயிக் குளிச்சிட்டு வாட்டி. நான் எங்கனயும் ஓடிர மாட்டேன்” என்றார்.

போனேன். அந்த முடிவுக்கு நான் மட்டுமே பொறுப்பு.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் இசக்கியம்மா. கடைசி சிப்ஸ் கடை அவருடையது. நாற்பது வயதிருக்கும். ஜீப்புக்குள் ஏதோ விடாமல் அடிப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. செல்போன் என்று நினைத்து, எடுக்காமல் கிடக்கிறார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு ஒரு ஈடு சிப்ஸை எண்ணெயிலிருந்து அரித்து எடுத்திருக்கிறார். அது அடங்கவில்லை. சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பியவர் ஜீப்பின் பின்பக்கம் பார்த்திருக்கிறார். காற்று தார்ப்பாயின் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் புகைக்குழாய்க்கு மேலேயே போட்டிருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் பெட்டியைச் சுற்றியே நிறைந்து, விசிறி அதையே இழுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாவுக்கு கார்பன் மோனாக்சைடு என்ற பெயர் தெரியாது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் சுற்றும் புகையைத் தெரியும். காலால் தார்ப்பாயைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து, பதில் சொல்லாமல் கிடந்த பெரியம்மாவைத் தோளுக்கடியில் கைகொடுத்து இழுத்து, தன் கடை பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்.

நான் தலை ஈரத்தோடு வந்தபோது பெரியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. இசக்கியம்மா ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் சிப்ஸ் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “என் சேல காஞ்சிட்டா?”

இசக்கியம்மா என் பக்கம் திரும்பினார். “பொட்டியக் கொண்டாந்தவ நீதானா? சாரல்ல தார்ப்பாய அடிப்பக்கம் கட்டாம யாராவது விடுவாளா? ஒரு நாள் எங்க அடுப்புல வந்து நின்னு பாரு, தெரியும்.”

ஹீட்டரை அணைத்த பிறகும் அதன் விசிறி சில நிமிடம் ஓடித்தான் நிற்கும். பழக்கதோஷத்தில் அதற்காக நான் காத்து நின்றேன். மசாஜ் எண்ணெய் வழிய ஓடிவந்த பெரியப்பா, “அதத் தூக்கி எறிஞ்சிட்டு வண்டியில ஏறு” என்று மட்டும் சொன்னார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஒரு கடைக்காரர் வசம் பெட்டியை விட்டுவிட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் என்ன, எத்தனை நிமிடம், அலாரத்தில் கடைசியாகப் பதிவான அளவு என்ன என்று வரிசையாகச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. மூன்று மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். தலைவலி குறைந்தது. சாயந்தரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியதும் பெரியப்பா சொன்னார்: “மேல லடாக்குல பங்கர்ல அடுப்பப் போட்டுட்டுப் படுத்து, காலையில எந்திரிக்காமக் கெடந்தவன இந்தக் கையால தூக்கியிருக்கேன். லேயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

நான் சரி என்றேன். பெரியம்மாதான் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“இருவத்திரெண்டு வருசம் நீங்க போன எடத்துக்கெல்லாம் நான் போகண்டாம்னு சொன்னேனா? ஒரு தடவ நான் கேக்கேன். பிள்ள செஞ்சது தப்பு. நான் கண்ணாடிய ஏத்துனதும் தப்பு. ரெண்டு தப்பையும் சரி பண்ணிட்டு, பெறவு பேசுங்க.”

பெரியப்பா வீட்டுக்குள் போனார். ஜீப் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார்.

திங்கள்கிழமை காலை மூவரும் மறுபடி ஐந்தருவி போனோம். பெட்டியை எடுப்பதற்கும் இசக்கியம்மாவுக்கு நன்றி சொல்வதற்கும்தான் என்று பெரியப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பெரியம்மா ஒரு புதுச்சேலை கொண்டுவந்திருந்தார். இசக்கியம்மா அதை வாங்கிக்கொண்டு, “ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மயக்கம் போட்டு விழுங்க மைனி, எனக்குப் பீரோ நெறஞ்சிரும்” என்றார். பெரியப்பா முகத்தில் முந்தின நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பிறகு இசக்கியம்மா தன் அடுப்பைக் காட்டினார். காற்று வரும் பக்கம் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கல் கட்டியிருந்தார். எதிர்ப்பக்கம் இடுப்புயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். ஐந்தருவியில் காற்று காலையில் ஒரு பக்கமும் மத்தியானம் இன்னொரு பக்கமும் திரும்பும், அதற்கேற்ப ஒரு நாளைக்கு மூன்று முறை அவிழ்த்துக் கட்டுவாராம். எங்கள் பெட்டிக்கும் அதேபோல் அவரே கட்டிக்கொடுத்தார். நான் வரும் வழியில் தென்காசியில் வாங்கிய இரண்டு மீட்டர் உலோகக் குழாயைப் புகைவழியோடு சேர்த்து, அதன் வாயைக் காற்று போகும் திசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடி ஏறிவிடாதபடி இடுக்கில் இரண்டு மரத்துண்டுகளை அடித்தார் பெரியப்பா. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

பெரியம்மா உள்ளே உட்கார்ந்தார். இந்த முறை நான் கதவருகிலேயே நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம். 27 டிகிரி. அலாரத்தில் பூஜ்யம். இழுப்பு இல்லை. நடுவில் காற்று மாறியபோது கடையிலிருந்தபடியே இசக்கியம்மா குரல் கொடுத்தார், போய்க் குழாயைத் திருப்பி வைத்தேன்.

சென்னையில் என் வேலையிடத்தில் ஒரு சோதனையில் தவறு நடந்தால் படிவம் எழுதுவோம். காரணம், திருத்தம், கையெழுத்து. இங்கே என்னைத் திட்டினார்கள், பிறகு சாப்பிட உட்காரவைத்தார்கள், பிறகு அதே வேலையை மறுபடி என்னிடமே கொடுத்தார்கள். இந்த மூன்றுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இசக்கியம்மா அடுத்த ஈடு சிப்ஸைப் போடாமல் எழுந்து வந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலவரம் இது. பெரியம்மா நலமாக இருக்கிறார். ஹீட்டர் ஆய்க்குடியில் ஜீப்பில் இருக்கிறது. உள்ளே ஆள் தூங்கும்போது அதை ஓட்டுவதில்லை. படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், எழுந்த பின் ஒரு மணி நேரம், இரண்டு வேளையும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு போதுமா என்று டாக்டர் அடுத்த வாரம் சொல்வார். பெரியப்பா இன்னும் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜீப்பின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் மாற்றியிருக்கிறார்.